முழங்கால் தண்ணீரில் மிதக்கும் படகு: கரையோரமாக ஒரு கோடை

ஒரு கோடை முழுவதும் பாய்மரப் படகில் கரையோரமாகவே போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் படகின் நீளத்தைத்தான் விசாரிப்பார்கள். எத்தனை அடி, எத்தனை பேர் படுக்கலாம் என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் படகு மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

அடியில் கனத்த ஏரா (படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் நிலையான பாகம்) உள்ள 30 அடிப் படகு பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீருக்குள் இறங்கி நிற்கும். ஆழம் குறைந்த படகு 30 முதல் 60 சென்டிமீட்டர் தண்ணீரில் மிதந்துவிடும். இந்த ஒரு மீட்டர் வித்தியாசம் பயணத்தையே மாற்றிவிடுகிறது. முன்னது துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகும். பின்னது கழிமுகத்துக்குள் நுழையும், உப்பங்கழியில் ஏறும், மணல் திட்டுக்குப் பின்னால் ஒதுங்கும். கரையோரத்தில் அலை எட்டாத அமைதியான இடங்களில் பல ஆழமில்லாத இடங்கள்தான். அங்கே ஒரு வாரம் நின்றாலும் பக்கத்தில் இன்னொரு படகு வராது.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. நேரம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட வந்துவிட்டால், மற்ற எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது

பாய்மரப் படகு காற்றுக்கு எதிராக ஏற வேண்டுமானால் நீருக்குள் ஏதாவது ஒரு பலகை இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் படகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும். ஆழம் குறைந்த படகுகள் இதைப் பலவிதமாகச் சமாளிக்கின்றன. நடுவில் ஒரு பெட்டிக்குள் ஏற்றி இறக்கும் நடுப்பலகை ஒரு வகை. நெதர்லாந்தின் பழைய தட்டையடிப் படகுகளிலும் தேம்ஸ் ஆற்றுச் சரக்குப் படகுகளிலும் இருப்பதுபோல் இரு பக்கமும் தொங்கும் பலகைகள் இன்னொரு வகை. குட்டையான இரட்டை ஏரா வைத்த படகுகள் உண்டு. இரட்டை உடல் கொண்ட கட்டமரான்களும் உண்டு.

முதல் கோடைக்கு நான் சொல்வது, ஆணியில் சுழன்று மேலே மடங்கும் நடுப்பலகை உள்ள, அடி ஓரளவு தட்டையான படகு. பலகை தரையில் உரசினால் தானாகவே மேலே எழும்பும். அந்த உரசல் சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை. கத்தியைப் போல நேராகச் செருகும் பலகையில் அந்த வசதி கிடையாது. வேகத்தில் தட்டினால் பலகையோ பெட்டியோ உடையும். சுக்கானும் கட்டாயம் மேலே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பலகையை ஏற்றிவிட்டு சுக்கானை மறந்து அதை முறித்துக்கொண்டவர்கள் நிறைய.

பழைய படகு வாங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். பலகை சுழலும் ஆணி தேய்ந்திருக்கிறதா, பலகைப் பெட்டியின் அடி ஓரத்தில் நீர் கசிகிறதா, படகின் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து மெலிந்திருக்கிறதா. இரண்டு பேருக்கு 18 முதல் 24 அடி தாராளம். எடை குறைந்த படகாக இருந்தால் சிக்கிய இடத்தில் இறங்கித் தள்ளலாம்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடியில் பாரம் இல்லாத படகு பலத்த காற்றில் கவிழக்கூடும். கவிழ்ந்தால் மிதக்குமா, எத்தனை பேர் சேர்ந்து நிமிர்த்த முடியும் என்பதைப் படகை விற்பவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சிறிய படகாக இருந்தால் கோடை தொடங்கும் முன் அமைதியான நீரில் ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால்

சாமான், தண்ணீர், எரிபொருள், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு படகு எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். விற்பனைத் தாளில் இருக்கும் எண் காலிப் படகுக்கானது. பிறகு மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு கழியை எடுத்து அதில் இரண்டு பட்டை பூசுங்கள்: பலகை ஏறியிருக்கும்போது வேண்டிய ஆழத்துக்கு ஒன்று, இறங்கியிருக்கும்போது வேண்டியதற்கு ஒன்று. ஆழமானி கருவி நல்லதுதான். ஆனால் அரை மீட்டர் தண்ணீரில் களையும் சேறும் கலங்கிக் கிடக்கும்போது அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. கழி பொய் சொல்லாது. அதோடு தரை மணலா, சேறா, பாறையா என்பதும் கையில் தெரிந்துவிடும்.

அப்புறம் கடல் வரைபடம் படிக்கப் பழகுங்கள். அதில் உள்ள ஆழ எண்கள் அந்த நேரத்துத் தண்ணீரைச் சொல்வதில்லை. நீர் மிகவும் வற்றும் நிலையை அடிமட்டமாக வைத்து, அங்கிருந்து அளந்த எண்கள் அவை. அடிக்கோடிட்ட எண்கள் வற்றும்போது வெளியே தெரியும் தரையின் உயரம். ஒரு மணல் திட்டில் 1.4 என்று அடிக்கோடிட்டு இருக்கிறது, ஓத அட்டவணை (கடல் நீர் ஏறி வற்றும் நேரமும் அளவும் சொல்வது) இப்போது நீர் மட்டம் 2.3 மீட்டர் என்கிறது என்று வையுங்கள். திட்டின் மேல் 0.9 மீட்டர் தண்ணீர் இருக்கும். உங்கள் படகுக்கு 0.4 போதும் என்றால் அரை மீட்டர் மிச்சம். இந்தக் கழித்தல் கணக்கை மனதிலேயே போடும் வரை பயிற்சி செய்யுங்கள். ஒரு பெரும் புயலுக்குப் பிறகு மணல் திட்டுகள் இடம் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வரைபடம் அச்சான ஆண்டைப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள்.

தண்ணீரின் கணக்கு

பெரும்பாலான கடற்கரைகளில் நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் உச்ச நீரிலிருந்து அடுத்த உச்ச நீர் வரை சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று பகல் 12 மணிக்கு உச்ச நீர் என்றால் நாளை சுமார் 12:50க்கு, ஒரு வாரம் கழித்து மாலை 6 மணிக்குப் பக்கத்தில். கோடைப் பயணத்தின் ஒவ்வொரு நாளும் இந்த ஐம்பது நிமிடத்தைச் சுற்றித்தான் நகரும். நீங்கள் எழும் நேரம், சாப்பிடும் நேரம், நங்கூரம் தூக்கும் நேரம் எல்லாம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து ஓதம் மிகப் பெரிதாக இருக்கும்: அதிகம் ஏறும், அதிகம் வற்றும், நீரோட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டி ஓதம் சிறுத்துவிடும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. இதற்குக் கடலோடிகள் வைத்திருக்கும் கணக்கு, மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரிப்பது. ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால் 25, 50, 75, 75, 50, 25 சென்டிமீட்டர். நடு இரண்டு மணி நேரத்தில் பாதி தண்ணீர் போய்விடுகிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வற்றும் நீரில் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு திட்டின் மேல் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எல்லாக் கடலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சில இடங்களில் நாளுக்கு ஒரே ஓதம். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டரை எட்டும். உங்கள் கரையின் அட்டவணையை முதலில் பாருங்கள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், கூடினால் தாழும். கரையிலிருந்து கடலை நோக்கி நாள் முழுக்க வீசும் காற்றும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அரை மீட்டர் மிச்சம் வைத்துப் போகிறவருக்கு இவையெல்லாம் பெரிய விஷயம்.

தெரியாத ஓடைக்குள் ஏறும் நீரில்தான் நுழைய வேண்டும். ஒரு புதியவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார் என்றால் இதை எடுத்துக்கொள்ளட்டும். ஏறும் நீரில் தட்டினால் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் படகு தானே மிதக்கும். வற்றும் நீரில் தட்டினால் பாதி நாள் போயிற்று.

வேண்டுமென்றே தரையில் உட்காருவது

ஆழம் குறைந்த படகின் பெரிய இன்பம் இது. மாலை நீர் வற்றும்போது படகு மெல்ல மணலில் உட்காரும். ஆட்டம் நின்றுவிடும். இறங்கி நடக்கலாம், அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம், ஆணியைச் சரிபார்க்கலாம், நிலத்தில் தூங்குவது போலத் தூங்கலாம். வட கடலின் வாடன் பகுதியில் நீர் வற்றும்போது தரை பல கிலோமீட்டர் வெளியே தெரியும். அங்கே தட்டையடிப் படகுகள் இப்படித்தான் நிற்கின்றன.

ஆனால் இடத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும். முடிந்தால் முந்தைய வற்றில் நடந்துபோய்ப் பாருங்கள். கல், பழைய கம்பம், துருப்பிடித்த இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. சரிவு இருந்தால் படகு இரவு முழுக்கச் சாய்ந்து கிடக்கும். கடல் அலை நேராக வந்து சேரும் இடம் கூடவே கூடாது. படகு உட்காரும்போதும் எழும்பும்போதும் உள்ள அந்தப் பதினைந்து நிமிடத்தில் சிறிய அலைகூட அதைத் தூக்கித் தூக்கித் தரையில் மோதும்.

இடம் சரி என்றால் பலகையை ஏற்றுங்கள், சுக்கானைத் தூக்குங்கள், மோட்டாரைச் சாய்த்து மேலே எடுங்கள். உள்ளே பொருத்திய எஞ்சின் என்றால் சேறு உறிஞ்சுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நங்கூரத்தைப் படகிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். நீர் குறையும்போது படகு சுழன்று வந்து தன் நங்கூரத்தின் மேலேயே உட்கார்ந்து அடியில் ஓட்டை போட்டுக்கொள்வது உண்டு. தண்ணீர் கணுக்கால் அளவு வந்ததும் இறங்கிப்போய் நங்கூரம் எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

மறுபடி எப்போது மிதப்பீர்கள் என்பதும் எளிய கணக்கு. உச்ச நீருக்கு மூன்று மணி நேரம் கழித்து உட்கார்ந்தால், அடுத்த உச்ச நீருக்கு மூன்று மணி நேரம் முன்பு மிதப்பீர்கள். உச்ச நீரை ஒட்டி ஏறினால் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஒருமுறை பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், உச்ச நீரில், ஓர் ஓடையின் கடைசி மேடு வரை படகைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அடுத்த ஓதம் ஒரு சாண் குறைவாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் குறைவு. அமாவாசை ஓதம் பெருகும் வரை பதினொரு நாள் அங்கேயே இருந்தேன், குடிதண்ணீரை ஒரு கிலோமீட்டர் சேற்றில் சுமந்துகொண்டு. ஓதம் சிறுத்துக்கொண்டே போகும் நாட்களில் உச்ச நீரில் எங்கும் ஏறாதீர்கள்.

வற்றிய சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டாம். நீர் திரும்பும்போது முன்னால் இருந்து வருவதில்லை. நீங்கள் தாண்டி வந்த ஓடைகளில் முதலில் நிறையும், பின்னால் வழி அடைபட்டுவிடும்.

நங்கூரம்

இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு வகையாக இருந்தால் நல்லது. கயிற்றின் நீளத்தைக் கணக்கிடும்போது இப்போதுள்ள ஆழத்தை மட்டும் எடுக்காதீர்கள். இப்போது 2 மீட்டர் ஆழம், நீர் இன்னும் 3 மீட்டர் ஏறும், நீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. சங்கிலியானால் அதைப் போல் ஐந்து மடங்கு, 30 மீட்டர். பெரும்பகுதி கயிறானால் ஏழு மடங்கு, 42 மீட்டர். கயிறாக இருந்தாலும் நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி இருக்கட்டும்.

அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, படகு நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள், எறியாதீர்கள். படகு பின்னால் நகர நகரக் கயிற்றை விடுங்கள். பிறகு மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்களை, ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொள்ளலாம், மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அவை விலகினால் நங்கூரம் இழுபடுகிறது. இரவில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு, பகலில் கறுப்புப் பந்து அடையாளம். கடற்புல் படுகையில் நங்கூரம் போடாதீர்கள். ஒரு நங்கூரம் கிழித்த இடம் மறுபடி மூட ஆண்டுக்கணக்கில் ஆகும்.

காற்றும் ஒரு நாளின் ஓட்டமும்

கோடையில் வானம் தெளிவாக இருந்தால் காற்றுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். இரவில் நிலத்திலிருந்து மெல்லிய கரைக்காற்று. காலையில் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். நிலம் சூடேறியதும், முற்பகல் கடந்து, கடற்காற்று தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்கு வரும், பொழுது சாய அடங்கும். விடியலில் கிளம்பி, கடற்காற்று முற்றுவதற்குள் ஒதுங்கிவிடுவது புதியவருக்கு ஏற்ற வழக்கம்.

காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்றில் சுகமாகப் போன படகு 20 நாட் காற்றில் வேறு படகு. பாயைச் சுருக்கலாமா என்று மனதில் முதல்முறை தோன்றும்போதே சுருக்கிவிடுங்கள். சுருக்கும் வேலையைக் கரையில் கட்டியிருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவு பழகிவிட வேண்டும்.

சராசரி வேகம் மணிக்கு 4 கடல் மைல் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஆறு மணி நேரத்தில் 24 கடல் மைல், அதாவது சுமார் 44 கிலோமீட்டர். எதிரே 2 நாட் நீரோட்டம் இருந்தால் அது பாதியாகிவிடும், கூட வந்தால் ஒன்றரை மடங்கு. நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று அதற்கு எதிராகவும் இருந்தால் அலைகள் குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். தட்டையடிப் படகு அதில் அறைவாங்கும். அந்த ஆறு மணி நேரத்தை நங்கூரத்தில் கழித்துவிட்டு நீரோட்டம் திரும்பியதும் போகலாம்.

முகத்துவாரம்

கரையோரப் பயணத்தில் நான் உண்மையாகவே பயப்படும் இடம் இதுதான். ஆற்று முகத்தில் மணல் மேடு குறுக்கே கிடக்கும். அலை, தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையத் தொடங்கும். ஒன்றரை மீட்டர் அலை இரண்டு மீட்டர் தண்ணீரில் உடைந்துவிடும். உங்கள் படகு முழங்கால் ஆழத்தில் மிதக்கும் என்பது இங்கே எந்த உதவியும் செய்யாது. வற்றும் நீர் ஆற்றிலிருந்து வெளியே பாயும்போது, எதிரே கடல் அலையும் வந்தால் நிலைமை மிக மோசம்.

நுழைய நல்ல நேரம் ஏறும் நீரின் கடைசி இரண்டு மணி நேரம். வெளியே நின்று கால் மணி நேரம் பாருங்கள். கடலிலிருந்து பார்க்கும்போது அலையின் முதுகுதான் தெரியும், அதனால் உள்ளதைவிடச் சின்னதாகத் தோன்றும். வெள்ளை நுரை வழியை முழுக்க மறித்தால் உள்ளே போகாதீர்கள். அடுத்த துறைமுகம் தூரமாக இருந்தாலும், இரவு முழுக்கக் கடலில் கழிக்க வேண்டியிருந்தாலும், அது பரவாயில்லை.

தெரியாமல் தட்டிவிட்டால்

முதல் இரண்டு நிமிடம்தான் முக்கியம். பலகையை ஏற்றுங்கள், பெரும்பாலும் அதிலேயே விடுபட்டுவிடும். வந்த வழியே திருப்புங்கள். திரும்பவில்லை என்றால் பாய்களைத் தளர்த்துங்கள், எல்லோரும் ஒரு பக்கம் போய்ப் படகைச் சாய்த்துப் பாருங்கள். கழியால் ஊன்றுங்கள். கழியால் ஆழம் பார்த்து, உயிர்க்காப்பு அங்கி போட்டுக்கொண்டு இறங்கித் தள்ளலாம். முடியவில்லையா, நங்கூரத்தை ஆழமான பக்கம் கொண்டுபோய் ஊன்றிவிட்டுக் காத்திருங்கள். நீர் ஏறும்போது காற்று படகை இன்னும் மேட்டில் தள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும்.

படகில் வாழ்வது

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் மூன்று நாளைக்கு மிச்சம். ஒரே தொட்டியில் வைக்காமல் பல கேன்களில் வையுங்கள். எடையெல்லாம் தாழ்வாக, நடுவில் இருக்கட்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். உருளையின் வால்வைச் சமைத்ததும் மூடுங்கள். மூடிய அறைக்குள் அடுப்பை எரியவிட்டு ஒருபோதும் தூங்காதீர்கள். வெயிலுக்கு ஒரு துணிக்கூரை, கொசுவுக்கு வலை. உப்பங்கழியில் இந்த இரண்டும் இல்லாமல் யாராலும் இரண்டு இரவு தாக்குப்பிடிக்க முடியாது. பறவைகள் கூடுகட்டும் திட்டுகளில் இறங்காதீர்கள்.

உயிர்க்காப்பு

அங்கி பெட்டியில் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் விழுந்தவர் தானே ஏறிவர ஓர் ஏணியோ கயிற்றுப் படியோ எப்போதும் எட்டும்படி தொங்கட்டும். விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கானது. உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். கைப்பேசி சிக்னல் இல்லாத கரைகளுக்குப் போவதானால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி ஒன்று வாங்கிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். கரையில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒவ்வொரு நாளும் எங்கே கிளம்புகிறீர்கள், எப்போது சேர்வீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இன்ன நேரம் தாண்டியும் தகவல் இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள்.

முழுக் கோடைக்கான திட்டம்

முதல் வாரம் நாளுக்கு 10 கடல் மைலுக்கு மேல் போகாதீர்கள். ஏழு நாளில் இரண்டு நாள் நிற்பதற்கென்றே ஒதுக்குங்கள். காற்று எப்படியும் அதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளும். அந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையில் முதலில் போங்கள். உடலும் படகும் புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்றை முடித்துவிட்டால் திரும்பும் வழி முழுக்கக் காற்று முதுகில் இருக்கும். கையில் உள்ள நாட்களில் பாதி முடிவதற்குள் திரும்பத் தொடங்குங்கள். திரும்பிவர ஒரு தேதி கட்டாயமாக இருந்தால், முகத்துவாரத்தில் நுழையக் கூடாத நேரத்தில் நுழையத் தோன்றும்.